நாற்பதில் போகிறவள்

பின்னால் இருக்கிறவன் மறுபடியும் ஹாரன் அடிக்கிறான். இந்தத் தடவை விட்டு விட்டு அடிக்கவில்லை, கையை எடுக்காமல் ஒரே அமுக்கு, திறக்கிறவரை கதவைத் தட்டுவேன் என்கிற மாதிரி. கண்ணாடியில் பார்க்கிறேன். வெள்ளைக் கார், புதுசு, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறது, அவன் முகம் தெரியவில்லை, கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பது மட்டும் தெரிகிறது. போய்த் தொலையட்டும் என்று இடது பக்கம் ஒதுங்கிக் கொடுத்தேன், எதிரே தேங்காய் லாரி, அதன் பின்னால் பழனி பஸ், அவனால் தாண்ட முடியவில்லை, அதற்கும் ஹாரன் எனக்குத்தான். ஊருக்குள் நுழைகிற இடம் இது. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் ரேஷன் கடை, நடுவில் சிவப்பு வட்டத்துக்குள் நாற்பது என்று தகடு நட்டு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் யாரோ கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டி, யாரோ கிழித்து, சைபர் பாதி போய்விட்டது, நாலு மட்டும் தெளிவாக இருக்கிறது. முள் நாற்பதில் நிற்கிறது. ஆடிக் காற்று பக்கவாட்டில் அறைகிறது, வண்டி லேசாக ஆடுகிறது, என் இடது முட்டி கிளட்சை மிதித்து மிதித்து வலிக்கிறது. "அமுத்து கோதை," என்கிறார் இவர் பக்கத்து சீட்டிலிருந்து. "ஏன் உருட்டற? அமுத்து." வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து எத்தனை தடவை சொல்லிவிட்டார் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். "போறனுங்க," என்கிறேன். போய்க்கொண்டுதானே இருக்கிறேன். நாற்பதில் போவதும் போவதுதான். இதை யாருக்காவது சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று யோசித்தால் களைப்பாக இருக்கிறது. பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் இன்னும் எத்தனை ஊர், எத்தனை தகடு, எத்தனை ஹாரன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அதற்கு முந்தின ராத்திரியும் தூங்கவில்லை. கண்ணை ஒரு நிமிஷம் மூடினால் போதும் என்று இருக்கிறது, மூட முடியாத இடத்தில்தான் அப்படித் தோன்றும்.

வண்டி கவிழ்ந்த அன்றைக்கு இவருக்கு என்ன அவசரம் இருந்தது என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரையும் கேட்டாகிவிட்டது. எங்கள் தேங்காய் நார் மில்லில் சூப்பர்வைசரைக் கேட்டேன், அன்றைக்கு லோடு எதுவும் வரவேண்டியதில்லை, நார் காயப்போட்டிருந்தது, அவ்வளவுதான் என்றார். இவர் கூட்டாளி சிவசாமியைக் கேட்டேன், எங்கூட டீ குடிச்சிட்டுக் கிளம்புனான், வேற ஒண்ணும் சொல்லலையேம்மா என்றார். போனில் யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிடவில்லை. வீட்டில் விருந்தாளி இல்லை, காய்ச்சல்காரர் இல்லை, அடுப்பில் எதுவும் கருகவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்திருந்தால் கைகால் கழுவிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனை நோண்டியிருப்பார். அதைச் சீக்கிரமாகச் செய்வதற்காகத்தான் பாலம் வேலை நடக்கிற இடத்தில் நாற்பது என்று போட்டிருந்ததை நூறில் தாண்டினாரா. அந்த இடத்தை நான் அப்புறம் போய்ப் பார்த்தேன். முதல் தகட்டிலிருந்து வேலை முடிகிற தகடு வரைக்கும் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. நாற்பதில் போயிருந்தால் எவ்வளவு நேரம் கூட ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்குக் கணக்கு வராது, இருந்தாலும் போட்டேன், ஒரு தோசையைத் திருப்பிப் போட்டு எடுக்கிற நேரம். அவ்வளவுதான் மிச்சம். அந்த மிச்சத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்திருப்பார். கேட்டால் இவருக்கும் தெரியாது. அந்த நாளே இவர் தலையில் இல்லை. டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது, டீயில் சக்கரை கம்மி என்றது ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் என் முகம்தானாம். நடுவில் இருந்ததை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். பாலத்துக்குப் போட்ட மண்மேட்டில் ஏறி, கைப்பிடிச் சுவரை இடித்து, வண்டி குப்புற விழுந்து கிடந்ததை யார் யாரோ வந்து சொன்னதை. வண்டியிலிருந்த சாமான்களை எடுத்து வரப் போனபோது, அங்கே கல் சுமக்கிற ஒரு அம்மா வந்து இவருடைய ஒற்றைச் செருப்பைக் கொடுத்தாள். துடைத்து வைத்திருந்தாள். "அந்தச் செவுத்தோரத்துலதானுங்க உக்காந்திருந்தேன்," என்றாள். "தாகமா இருந்துது. தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போனனுங்க. திரும்பிப் பாத்தா செவுரே இல்லீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்குத் தாகம் எடுத்ததால் இவர் கொலைகாரர் ஆகவில்லை. தாகம் கொஞ்சம் பிந்தி எடுத்திருந்தால்? அதை நினைக்கக்கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறேன், சோறு வடிக்கும்போது, இவருக்கு முதுகு தேய்க்கும்போது, மில்லில் ஆட்கள் பேசுவது காதில் விழாமல் நிற்கும்போது.

ஊர் தாண்டியாயிற்று. ரோடு அகலமாகிறது, இங்கே அறுபது போகலாம், அறுபதில் போகிறேன். வெள்ளைக் கார்க்காரன் தாண்டுவான் என்று பார்த்தால், டிராக்டர் ஒன்று தென்னை மட்டையை மலைபோல் ஏற்றிக்கொண்டு குறுக்கே புகுந்து என் முன்னால் ஊர்கிறது, மட்டைகள் இரண்டு பக்கமும் ரோட்டைக் கூட்டுகின்றன. எதிரே வண்டி வந்துகொண்டே இருக்கிறது. அவன் ஹாரன் டிராக்டர்காரருக்குக் கேட்காது, எனக்குத்தான் கேட்கும். இவர் வலது கால் கீழே மிதியடியை அழுத்துகிறது. நான் பார்க்காத மாதிரிப் பார்க்கிறேன். அங்கே ஒன்றுமில்லை, ரப்பர் மிதியடிதான், ஆனாலும் டிராக்டருக்கும் எதிர்வண்டிக்கும் நடுவில் கொஞ்சம் சந்து தெரிந்தால் போதும், இவர் பாதம் அழுந்துகிறது, தாடை இறுகுகிறது. சந்து மூடினதும் கால் தளர்கிறது. நாங்கள் பார்க்கப் போகிற டாக்டர் இதைப் பார்த்ததில்லை. போன தடவை டாக்டர் அருளானந்தம் இவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், காலைத் தூக்கச் சொன்னார், நடக்கவிட்டார், விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், நல்லாத் தேறிட்டாரு என்றார். இடது கைதான் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கியர் இல்லாத வண்டியா இருந்தா ஓட்டலாம் என்று இவர் தம்பி மோகன் சொல்லிவைத்திருந்தான், அதை இவர் டாக்டரிடம் கேட்டுவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். "கை கால் நான் பாத்துச் சொல்லுவேன். நிதானம் எப்படி இருக்குன்னு கூட இருக்கற நீங்கதான் சொல்லணும். அடுத்த தடவை வரும்போது சொல்லுங்கம்மா." அந்த அடுத்த தடவைதான் இன்றைக்கு. இவர் காலையிலேயே எழுந்து, கேட்காமல் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, மேல் பொத்தான் மட்டும் வராமல் என்னிடம் வந்து நின்றார். பொத்தானைப் போடும்போது சொன்னார், "இன்னிக்கு ஓட்டச் சொல்லிருவார்." காலரைச் சரி பண்ணினேன்.

ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டால் என்ன. மோகன் சொல்கிறான், "அண்ணி, அண்ணனுக்கு வேற என்ன சந்தோஷம் இருக்குது சொல்லுங்க. மில்லுக்கும் வீட்டுக்கும் ஓட்டிட்டுப் போறாரு. நீங்களும் எத்தன நாளைக்குத்தான்." அவன் சொல்வதில் தப்பு இல்லை. நானும் எத்தனை நாளைக்கு. மில்லுக்குக் கொண்டுபோய் விடவேண்டும், மத்தியானம் கூட்டிவரவேண்டும், மறுபடி போகவேண்டும் என்பார், முடி வெட்ட, கோயிலுக்கு, சிவசாமி வீட்டுக்கு, சும்மா ஒரு சுற்று. சும்மா ஒரு சுற்று என்பதுதான் என்னைக் கொல்கிறது. எனக்குக் கார் ஓட்ட ஆசையே இருந்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல், பச்சைப் பிள்ளைகளோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், வேறு யாரும் இல்லை என்பதால். ஒருநாள், ஒரே ஒரு நாள், நான் மத்தியானம் படுத்துத் தூங்கவேண்டும், இவர் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும், திரும்பி வரும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்திருக்கவேண்டும். ஆனால் வண்டிச் சத்தம் கேட்கும்வரை நான் எப்படித் தூங்குவேன். முன்னெல்லாம் தூங்கியிருக்கிறேனா. இல்லை. கல்யாணம் ஆன புதிதில் பழனிக்குக் கூட்டிப்போனார், முதல் வண்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கை வெளியே, புளியமரங்கள் சரம் அறுந்த மாதிரி பின்னால் உதிர்ந்துகொண்டே இருந்தன. நான் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். இவர் சிரித்தார். "பயமா? பயந்தா எப்படி? கையப் பாரு, ஆடுதா?" ஆடவில்லை. அந்தக் கை ஆடியதே இல்லை. அன்றைக்கு மலையேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார், எனக்காக மெதுவாக ஏறினார், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. இறங்கி வண்டியில் உட்கார்ந்ததும் வேறு ஆள் ஆகிவிட்டார். ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் எப்படி இருந்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. மெதுவாகப் படியேறின ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டிராக்டர் இடது பக்கம் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டது. வெள்ளைக் கார் இப்போது தாண்டியிருக்கலாம், ஆனால் அடுத்த ஊர் வந்துவிட்டது, மறுபடி நாற்பது, மறுபடி எதிரே வண்டிகள். ஒரு பாட்டி கோழியைக் கையில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறாள், என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், போலாமா என்று தலையை ஆட்டுகிறாள், போங்க என்று வேகத்தைக் குறைக்கிறேன், கடக்கிறாள். நாற்பதில் போனால் ரோட்டோரத்தில் நிற்கிறவர்களுக்கு முகம் இருக்கிறது. எண்பதில் வெறும் துணி, சிவப்பு, பச்சை, அவ்வளவுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் எங்கள் மில்லுக்குப் போகிற ரோட்டில், விடிகாலையில் ஆள் இல்லாத நேரத்தில் ஓட்டிப் பார்ப்பேன். ஓரத்தில் வரிசையாகத் தென்னை, ஒரே இடைவெளி விட்டு வைத்தது. ஒருநாள் என்ன தோன்றியதோ, நாற்பதில் போய் ஒரு மரம் வந்ததும் பிரேக்கைப் போட்டேன். இரண்டு மரம் தாண்டி நின்றது. எழுபதில் போய் அதே மரத்தில் போட்டேன். வண்டி கத்திக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. இறங்கி வந்து எண்ணினேன். ஆறாவது மரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, மரம் மூன்று மடங்கு. அந்த மூன்றாவது மரத்தடியில், நாலாவது மரத்தடியில், ஐந்தாவது மரத்தடியில் யாராவது நின்றிருந்தால் என்று நினைத்தபோது மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நல்ல கை இவருடையது, ஆடாத கை. கை ஆடாவிட்டால் மரம் குறையுமா. இதை வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பிரேக் ஷூ தேஞ்சிருக்கும்," என்றார்.

இதோ பாலம் வருகிறது. வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆயிற்று, புதுக் கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்பும் பட்டை அடித்திருக்கிறார்கள், இப்போது இங்கே தகடு எதுவும் இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இவர் ஒவ்வொரு தடவையும் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த இடத்தில்தான் என் கணவர் செத்துப்போனார் என்று சில சமயம் தோன்றும், பக்கத்தில் அவரை உட்காரவைத்துக்கொண்டே. எவ்வளவு பாவமான நினைப்பு. பேச்சு திரும்பி வந்தது, நடை வந்தது, கட்டிக்கொடுத்த மகள் பெயர் வந்தது, கோபம் வந்தது, வராதது என்னவென்று என்னால் சொல்லத் தெரிந்ததில்லை. சிரிப்பு இருக்கிறது, ஆனால் டிவியில் மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார். என்னிடம் பேசும்போது, கோதை என்று கூப்பிடும்போது, குரலில் ஒரு ஓரத்தில் கேலி இருக்கும் முன்னெல்லாம், அது இல்லை. அந்தக் கேலிக்காக எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். "பாலம் நல்லாக் கட்டிருக்கறாங்க," என்கிறார் இவர். "ஆமாங்க," என்கிறேன். பாலம் பின்னால் போய்விட்டது. மூச்சை விடுகிறேன்.

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருக்கிறது, இங்கே எல்லோரும் நின்றுதான் ஆகவேண்டும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. என்ஜினை அணைத்துவிட்டு முட்டியை நீவிக்கொள்கிறேன். கதவு சாத்துகிற சத்தம், வெள்ளைக் கார்க்காரன் இறங்கி வருகிறான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கழுத்தில் பழனிக் கயிறு, கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருக்கிறான். என் ஜன்னலில் குனிகிறான். "ஏனுங்க அக்கா, அந்தப் பள்ளிக்கூடத்துலருந்து ஹாரன் அடிச்சுட்டே வர்றேன். ஒண்ணு வேகமாப் போங்க, இல்லீனா ஒதுங்கிக்குங்க. ரோடு உங்க வீட்டு வாசலுங்களா?" எங்கள் பக்கத்தில் திட்டினாலும் ங்க போட்டுத்தான் திட்டுவார்கள். "போர்டுல நாப்பதுன்னு போட்டிருக்குதுங்க தம்பி," என்கிறேன். என் குரல் எனக்கே தூக்கக் கலக்கமாகக் கேட்கிறது. "போர்டுல ஆயிரம் போட்டிருப்பாங்க," என்கிறான். அப்போது இவர் என்னைத் தாண்டிச் சாய்ந்து அவனைப் பார்க்கிறார். "தம்பி, வண்டி டீசலா?" அவன் திரும்பி இவரைப் பார்க்கிறான், மடியில் சுருண்டிருக்கிற இடது கையைப் பார்க்கிறான், கோபம் கொஞ்சம் இறங்குகிறது. "பெட்ரோலுங்கண்ணா. டர்போ." "எத்தன போகும்?" அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நூத்தி அறுபது பாத்துட்டனுங்க. தாராபுரம் ரோட்டுல, காலைல ஆள் இருக்க மாட்டாங்க." இவர் சிரித்தார். "நான் நூத்தி நாப்பது. பழைய டீசல்ல. வண்டி உதறும், ஆனா கை ஆடாது. கிளாஸ்ல தண்ணி வெச்சா தண்ணி ஆடாது." "பழைய டீசல்லியா? அது பெரிய விஷயமுங்கண்ணா." "நீ என்ன பண்ணு, வளைவுல பிரேக்கத் தொடாத. வளைவுக்கு முன்னாடியே தொட்டுட்டு விட்றணும். உள்ள போகும்போது அமுத்திக் குடுக்கணும்." "அப்படிங்களா." "அப்படித்தான். இன்னிக்கு டாக்டர் என்னை ஓட்ட விட்டுருவார். அடுத்த வாரம் வா, காட்டறேன்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், என் முகத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் வந்துவிட்டார். மூன்று வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த ஆள், கண்ணோரத்தில் அந்தக் கேலி, உதட்டில் அந்தக் கோணல், பழனி ரோட்டில் கையப் பாரு ஆடுதா என்று கேட்டவர், இதோ என் தோளுக்குப் பக்கத்தில். "எங்க கோதை பயந்தவ தம்பி, அதான் உருட்டறா," என்றார், கோதை என்ற சொல் பழைய மாதிரியே வந்தது. இப்படியே இருங்க, இப்படியே ஒரு நாழி இருங்க என்று கேட்கத் தோன்றியது. கீழே பார்த்தேன். இவர் வலது கால் மிதியடியை அடி வரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி நிற்கிறது, கேட் மூடியிருக்கிறது, கால் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த முகமும் இந்தக் காலும் ஒன்றுதான். தனித்தனியாக வாங்கிக்கொள்ள முடியாது. அந்த முகம் வேண்டுமென்றால் இந்தக் காலையும் சேர்த்துத்தான் ரோட்டில் விடவேண்டும், கல் சுமக்கிறவளுக்கு அன்றைக்குத் தாகம் எடுக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவேண்டும். நான் அந்தப் பையனைக் கேட்டேன். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், குத்திக்காட்ட இல்லை. "தம்பி, என்னங்க அவசரம்? யாருக்காவது உடம்பு சரியில்லீங்களா?" அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படியெல்லாம் இல்லீங்கக்கா. வீட்டுக்குத்தான் போறேன்." "வீட்டுல யாராவது காத்திருக்கறாங்களா?" "அம்மா இருப்பாங்க. சாப்பிடோணும். வேற ஒண்ணுமில்லீங்க." சொல்லிவிட்டு அவனுக்கே என்னவோ போலாகிவிட்டது, கழுத்தைத் தடவிக்கொண்டான். ரயில் வந்தது. எங்கள் பேச்சை மூடிக்கொண்டு, பெட்டி பெட்டியாக, ஜன்னல் ஜன்னலாக, எல்லோரும் உட்கார்ந்தபடியே போனார்கள். ரயில் போனதும் அவன், "வர்றனுங்கண்ணா, பாத்துப் போங்கக்கா," என்று சொல்லி ஓடினான். நல்ல பையன். அவன் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே எனக்கு அவள் முகம் தெரிந்தது.

கேட் திறந்தது. இந்தப் பக்கம் வந்தவர்களெல்லாம் ரோடு முழுக்க அடைத்து நின்றிருந்தார்கள், அந்தப் பக்கமும் அப்படியே, தண்டவாளத்தின் மேல் இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு நின்றன, யாராலும் ஒரு அடி நகர முடியவில்லை. வெள்ளைக் காரும் அதற்குள் எங்கோ புகுந்து மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் கண்டக்டர் இறங்கிக் கையை வீசி வழி பண்ணிவிட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழன்றது. கழன்றதும் வெள்ளைக் கார் ஒரு சீறு சீறிக்கொண்டு போய்விட்டது, இவர் கழுத்தை நீட்டி அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முகம் மெதுவாக அணைந்தது. நான் அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன். பொள்ளாச்சி வரைக்கும் இவர் அமுத்து என்று சொல்லவில்லை. மனசால் அடுத்த வாரத்துக்கே போய்விட்டார் போல.

டாக்டர் இன்றைக்கும் கையை இழுத்தார், காலைத் தட்டினார், நடக்கச் சொன்னார். ஏசி சத்தம், பினாயில் வாசனை, சுவரில் பொம்மைப் படமாக ஒரு மூளை, பாதி ஊதா, பாதி மஞ்சள். "ரொம்ப நல்லாருக்கு," என்றார். இவர் உடனே, "இவ நாப்பதுல ஓட்டறா டாக்டர். ரோட்ல எல்லாரும் திட்டறாங்க. நான் ஓட்டறேன்," என்றார். டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, கூட இருக்கறவங்க என்ன சொல்றீங்க?" மத்தியானத் தூக்கம் ஒரு தரம் கண்ணுக்குள் வந்து போயிற்று, மோகன் வந்து போனான், கேட்டுக்குப் பக்கத்தில் பார்த்த இவர் முகம் வந்து நின்றது, போகவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "வேண்டாமுங்க டாக்டர்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கை கால் பலம் இருக்கே. கியர் இல்லாத வண்டின்னா." "பலம் இருக்குதுங்க. எல்லாம் நல்லாருக்குதுங்க." மேஜைமேல் கிடந்த பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். "அடி பட்டதுல எத்தனையோ போச்சுங்க. அந்த அவசரம் மட்டும் போகலீங்க." டாக்டர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சரி என்று தலையாட்டி எழுதினார். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரிலிருந்த மூளையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்ப என்ன, சாகற வரைக்கும் நீயே ஏத்திட்டுத் திரியப் போறயா?" "ஆமாங்க," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நீளமான சொல் என்று தெரிந்தது.

வண்டி நிறுத்துகிற இடத்தில் வெயில் தகிக்கிறது, வண்டிக்குள் அடுப்பு மாதிரி இருக்கிறது. இவர் ஏறி உட்கார்ந்தார். எப்போதும்போல பெல்ட்டைப் போட்டுவிட நான் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டார். "நானே போடறேன்." வலது கையால் பெல்ட்டை இழுத்துக் கொண்டுவந்துவிட்டார், ஆனால் கொக்கி மாட்டுகிற இடத்தை இடது கை பிடித்துக்கொள்ளவேண்டும், அந்தக் கைக்குப் பிடி இல்லை. நழுவுகிறது. பெல்ட் உள்ளே ஓடிவிடுகிறது. மறுபடி இழுக்கிறார். நெற்றியில் வேர்வை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் உதவலாமா என்று கை தானாக எழுந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் இரண்டு கார் எங்கள் இடத்துக்காகக் காத்து நிற்கிறது. செக்யூரிட்டிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "வண்டிய எடுங்கம்மா, வரிசை நிக்குது." நான் கண்ணாடியை இறக்கினேன். "இவர் போட்டு முடிச்சரட்டுமுங்க," என்றேன். அவர் உள்ளே எட்டி இவர் கையைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கிற காரை நிறுத்தக் கையைக் காட்டிக்கொண்டு போனார். இவர் பெல்ட்டை மறுபடி இழுத்தார்.